மட்கும் உரிமை

என்னைப் பார்க்க வான்கூவருக்கு வந்திருந்த அம்மாவை, வந்த மூன்றாம் நாளே ஸ்டான்லி பூங்காவுக்கு அழைத்துச் சென்றேன். அங்கே கடலோரத்தில், பிராக்டன் முனை என்ற இடத்தில், பழங்குடியினரின் மரத்தூண்கள் சில நிற்கின்றன. சுற்றுலாப் பேருந்துகள் வந்து நின்று, ஆட்கள் இறங்கிப் படம் எடுத்துக்கொண்டு, கால் மணி நேரத்தில் ஏறிப் போய்விடும் இடம் அது. அம்மா படம் எடுக்கவில்லை. உருட்டி விழிக்கும் கண்களோடு உயர்ந்து நின்ற ஒரு தூணின் முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு, "இது எந்த சாமிடா?" என்று கேட்டார். "சாமி இல்லம்மா" என்றேன். "அப்ப யாரு?" என்றார். பல வருடங்களாக இந்த ஊரில் இருந்தும், அந்தத் தூண்களைப் பலமுறை கடந்து நடந்தும், அதற்கு என்னிடம் பதில் இல்லை. அம்மா ஊருக்குத் திரும்பிய பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அதைத் தொடர்ந்து படித்தவற்றையும் பார்த்தவற்றையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

அம்மாவுக்கு ஏற்பட்ட அதே மயக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தக் கடற்கரைக்கு வந்த பாதிரிமார்களுக்கும் ஏற்பட்டது. அம்மா கும்பிட்டார், அவர்களோ இவை விக்கிரகங்கள் என்று முடிவுகட்டி, மதம் மாறியவர்களைக் கொண்டே சில ஊர்களில் வெட்டிச் சாய்க்க வைத்தார்கள். உண்மையில் இந்தத் தூண்களை யாரும் வழிபட்டதில்லை. அலாஸ்காவின் தென்கோடியிலிருந்து பிரிட்டிஷ் கொலம்பியாவின் கரை வரை வாழும் டிலிங்கிட், ஹைடா, நிஸ்கா, கிட்சான், சிம்ஷியான், ஹைஸ்லா, குவாக்குவாக்கவாக்கு முதலிய மக்களுக்கு இவை வம்சத்தின் பத்திரம் போன்றவை: இந்தக் குடும்பம் எங்கிருந்து வந்தது, எந்த ஆற்றில் மீன்பிடிக்கும் உரிமை அதற்கு உண்டு, எந்தப் பெயர் யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்பதைச் சொல்பவை. 'டோட்டம்' என்ற சொல்லே அவர்களுடையதன்று. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளிப் பேரேரிகளைச் சுற்றி வாழும் ஓஜிப்வே மக்களின் சொல்லை வெள்ளையர்கள் இங்கே கொண்டுவந்து ஒட்டினார்கள். நாம் அதைக் 'குலக்குறி' என்று பெயர்த்து வைத்திருக்கிறோம். பொருள் ஓரளவு பொருந்துகிறது, ஆனால் 'குறி' என்ற சொல்லுக்குள் ஒரு நிலப் பத்திரத்தின் கனம் ஏறவில்லை.

ஸ்டான்லி பூங்காவின் தூண்களில் பெரும்பாலானவை அந்த மண்ணுக்கு உரியவை அல்ல என்பதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்த நிலம் ஸ்குவாமிஷ், மஸ்குவியம், சைல்-வாட்டூத் மக்களுடையது. அவர்கள் இத்தகைய நெடுந்தூண்களை நட்டவர்கள் அல்லர், வீட்டுக் கம்பங்களில்தான் சிற்பம் செய்தார்கள். 1920-களில் நகரத்துப் பிரமுகர்கள் வடக்கே அலர்ட் பே பகுதியிலிருந்து தூண்களை வாங்கிக் கொண்டுவந்து அங்கே நிறுத்தினார்கள். அதே காலத்தில், தலைமுறைகளாகப் பூங்காவுக்குள் குடியிருந்த பழங்குடிக் குடும்பங்களை ஆக்கிரமிப்பாளர்கள் என்று சொல்லி வெளியேற்றும் வழக்குகள் நடந்துகொண்டிருந்தன. ஆட்களை அகற்றிவிட்டு அவர்கள் நினைவாக அயலூர்த் தூண்களை நட்டார்கள் என்றால் மிகையாகாது. 2009-இல் அங்கே நிறுத்தப்பட்ட தூண் ஒன்று இந்தக் கணக்கைக் கொஞ்சம் நேர்செய்கிறது. ஸ்குவாமிஷ் சிற்பி ராபர்ட் யெல்டன், அங்கே வாழ்ந்த தம் தாய் ரோஸ் கோல் யெல்டனின் நினைவாக, அவர் இருந்த வீட்டின் இடத்துக்கு எதிரிலேயே அதைச் செதுக்கி நிறுத்தினார். அம்மா கும்பிட்டது எந்தத் தூணை என்று இப்போது எனக்கு உறுதியாக நினைவில்லை. அதுவாக இருந்திருந்தால் கேள்விக்கு விடை எளிது.

இறந்தவர்களுக்காக நடும் தூண்களில் இரண்டு வகை உண்டு. ஹைடா ஊர்களில், இறந்தவரின் எச்சங்கள் வைத்த பெட்டியைத் தூணின் உச்சியில் குடைந்த குழியில் ஏற்றி, முன்னால் பலகை வைத்து மூடுவார்கள், அது ஈமத்தூண். உடல் வேறிடத்தில் அடங்கியிருக்க, அவர் பெயரையும் பதவியையும் ஏற்கும் வாரிசு ஏறத்தாழ ஒரு வருடம் கழித்து நடுவது நினைவுத்தூண். அதில் பெரும்பாலும் இறந்தவரின் உருவம் இராது. அவருடைய வம்சத்துக்கு உரிய உருவங்களே ஒன்றன்மேல் ஒன்றாக அமர்ந்திருக்கும். அலகு கொக்கிபோல் வளைந்திருந்தால் கழுகு, நேராக நீண்டிருந்தால் அண்டங்காக்கை, இரண்டு பெரிய முன்பற்களும் கட்டம் கீறிய வாலும் இருந்தால் பீவர் என்று ஒரு மாலைப்பொழுதில் படித்துவிடலாம். ஆனால் அந்த அண்டங்காக்கை ஏன் அங்கே இருக்கிறது என்ற கதை அந்த வீட்டாருக்குச் சொந்தம்; அவர்கள் இசைவின்றி மற்றவர் அதைச் சொல்லக் கூடாது என்பது அவர்களது சட்டம்.

பல்கலைக்கழக வளாகத்திலுள்ள மானிடவியல் அருங்காட்சியகத்தில், ஒரு தூணின் அடிப்பகுதியைக் கிட்டே நின்று நெடுநேரம் பார்த்தேன். தூரத்தில் வழவழப்பாகத் தெரிந்த பரப்பு, அருகில் சென்றபோது மீன் செதில்போல் வரிசை வரிசையாகச் சிறு பள்ளங்களாக இருந்தது. நம் தச்சர்கள் கையாளும் வாய்ச்சியைப் போன்ற கருவியால், ஒவ்வொரு கொத்தும் முந்தையதை இலேசாகத் தொட்டபடி இறங்கியிருந்தது. மரம் சிவப்பு சிடார். அதில் ஊறியிருக்கும் எண்ணெய்ப் பசை பூஞ்சையை நெடுநாள் தடுக்கும் என்றாலும், வருடத்தில் பாதி நாள் மழை பெய்யும் இந்தக் கரையில், திறந்தவெளியில் ஒரு தூண் ஏறத்தாழ நூறு வருடம் நிற்கும். பிறகு உச்சியில் பாசி படரும், விரிசலில் செடி முளைக்கும், ஒருநாள் சாயும். சாய்ந்ததை மறுபடி நிமிர்த்துவதில்லை. ஏனென்றால் நிமிர்த்த வேண்டுமானால் புதிய தூண் நடுவதற்குச் செய்த அத்தனையும் மறுபடி செய்ய வேண்டும்.

அந்த 'அத்தனையும்' என்பதில்தான் விஷயமே இருக்கிறது. தூணை நடும் நாளில் 'பொட்லாச்' என்ற பெருவிருந்து நடக்கும். அயல் குலத்தார் வந்து கயிறு பிடித்துத் தூணைத் தூக்கி நிறுத்துவார்கள். செதுக்கியவர்கள் தங்கள் கருவிகளோடு ஆடுவார்கள். வாரிசு தம் பெயரையும் உரிமைகளையும் சபையில் அறிவிப்பார். வந்தவர்கள் அனைவருக்கும் கம்பளி, மீன் நெய், பெட்டிகள், பணம் என்று கொடுக்கப்படும். அது தானம் அன்று, சாட்சிக் கூலி. வாங்கிக்கொண்டவர், அன்று சொல்லப்பட்டதை நினைவில் வைத்திருந்து தேவைப்படும்போது சபையில் சொல்லக் கடமைப்பட்டவர். எழுத்தும் பதிவாளர் அலுவலகமும் இல்லாத இடத்தில், நூற்றுக்கணக்கான மனிதர்களின் நினைவே பதிவேடு. தூண் அந்தப் பதிவின் மேலட்டை மட்டுமே.

இதைக் கனடிய அரசு எந்த அளவுக்குப் புரிந்துகொண்டது என்பது எனக்கு இன்னும் தெளிவாகவில்லை. ஆனால் எங்கே அடித்தால் வலிக்கும் என்று அதற்குத் தெரிந்திருந்தது. அதற்கு முன்பே நோய் பாதி வேலையை முடித்துவிட்டிருந்தது. 1862-இல் சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து வந்த கப்பல் ஒன்றின் வழியாக விக்டோரியா நகரில் பெரியம்மை பரவியபோது, ஊருக்கு வெளியே முகாமிட்டிருந்த வடக்கத்திப் பழங்குடியினரை அதிகாரிகள் தனிமைப்படுத்திப் பராமரிக்காமல், முகாம்களுக்குத் தீவைத்து, படகுகளில் ஏற்றி வடக்கே துரத்தினார்கள். நோயும் அவர்களோடு ஒவ்வோர் ஊராக இறங்கியது. ஆயிரக்கணக்கில் இருந்த ஹைடா மக்கள் 1915-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 588 பேர். நினைவுத்தூண் நட வேண்டிய இறப்புகள் பெருகிய அதே காலத்தில், நடுவதற்கான கைகள் அருகிப்போயின. அதன் மேல்தான் சட்டம் வந்தது. 1884-இல் திருத்தப்பட்டு 1885 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த இந்தியர் சட்டத்தின்படி (பழங்குடியினரை அரசு அப்படித்தான் அழைத்தது), பொட்லாச் நடத்துவதும் அதற்கு உதவுவதும் இரண்டு முதல் ஆறு மாதம் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். 1921-இல், கிறிஸ்துமஸ் சமயத்தில், டான் கிரான்மர் என்ற குவாக்குவாக்கவாக்குத் தலைவர் வில்லேஜ் தீவில் ஒரு பெரிய பொட்லாச் நடத்தினார். 45 பேர் மீது வழக்குப் போடப்பட்டது. சபையில் பேசியது, ஆடியது, அன்பளிப்பைக் கொண்டுபோய்க் கொடுத்தது என்பவைதான் குற்றச்சாட்டுகள். முகமூடிகளையும் செப்புத் தகடுகளையும் ஒப்படைத்தால் தண்டனை நிறுத்திவைக்கப்படும் என்றார்கள்; சிலர் ஒப்படைத்தார்கள், ஏறத்தாழ இருபது பேர் ஓக்கல்லா சிறைக்குப் போனார்கள். பறிக்கப்பட்டவை ஒட்டாவாவுக்கும் டொராண்டோவுக்கும் நியூயார்க்குக்கும் சென்று, அங்கே கண்ணாடிப் பெட்டிகளுக்குள் 'கலை' ஆயின.

1927-இல் அதே சட்டத்தில் இரண்டு பிரிவுகள் சேர்ந்தன. ஒன்று, நில உரிமை கேட்டு வழக்காடப் பணம் திரட்டுவதைத் தடைசெய்தது. மற்றொன்று, பழங்குடியினருக்கென அரசு ஒதுக்கிய நிலங்களிலுள்ள கல்லறைச் சிற்பங்களையும் தூண்களையும் அனுமதியின்றி யாரும் எடுத்துச் செல்லக் கூடாது என்றது. கேட்கும்போது பாதுகாப்பு என்றே தோன்றும். ஆனால் அனுமதி தர வேண்டியவர் இந்தியர் விவகாரத் துறையின் தலைமை அதிகாரி; தூணின் சொந்தக்காரர் அல்லர். ஆக, நடக் கூடாது என்று ஒரு பிரிவு, எடுத்துச் செல்ல அரசைக் கேட்டால் போதும் என்று இன்னொரு பிரிவு. சட்டப் புத்தகத்தில் இவ்விரண்டும் ஒரே அட்டைக்குள் இருந்தன.

இந்தச் சட்டம் எப்படி வேலை செய்தது என்பதற்கு, ஹைஸ்லா மக்களின் கிட்லோப் பள்ளத்தாக்கின் கதையைப் போல் வேறொன்று எனக்குத் தெரியாது. கார்ட்னர் கால்வாய் என்ற கடற்கிளையின் உட்கோடியில், படகில் மட்டுமே போகக்கூடிய மிஸ்குசா என்ற ஊரில், 1872-இல் கிப்ஸ்கோலக்ஸ் என்ற தலைவர் ஒன்பது மீட்டர் உயரமான நினைவுத்தூண் ஒன்றை நட்டார். தம் பிள்ளைகளையும் குலத்தாரையும் நோயில் பறிகொடுத்திருந்தார் அவர். ஹைஸ்லா மக்களே வெளியில் சொல்லியிருக்கும் அளவில் அந்தக் கதை இது: துயரம் தாளாமல் காட்டுக்குள் போனவரை ட்ஸூடா என்ற ஆவி எதிர்கொண்டு, ஒளி ஊடுருவும் கல் ஒன்றைக் கொடுத்துக் கடிக்கச் சொன்னது, கடித்தபோது இறந்துபோன தம் மக்களை அவர் மறுபடி கண்டார். அந்தச் சந்திப்பின் நன்றியும் இழப்பின் நினைவும் சேர்ந்ததுதான் தூண். உச்சியில் ட்ஸூடா, அகன்ற தொப்பியோடு. அந்தத் தொப்பி சுழலும்படி செய்யப்பட்டது என்பார்கள்.

1929-இல், பிரின்ஸ் ரூப்பர்ட்டில் இருந்த சுவீடன் தூதரகப் பிரதிநிதி ஓலோஃப் ஹான்சன், முறைப்படி துறைக்கு விண்ணப்பித்து, முறைப்படி அனுமதி பெற்று, தூணை அடியோடு வெட்டச் செய்து ஸ்டாக்ஹோமுக்கு அனுப்பினார். மீன்பிடிக்கப் போயிருந்தவர்கள் திரும்பியபோது அடிக்கட்டை மட்டுமே இருந்தது என்கிறது ஹைஸ்லா நினைவு. நட வேண்டுமானால் குற்றம். போன இடம் தெரியாது. வழக்காடப் பணம் திரட்டினால் அதுவும் குற்றம். தூணோ அருங்காட்சியகத்தில் நிறுத்த இடமில்லாமல் பல பத்தாண்டுகள் கிடங்கில் படுத்திருந்து, 1980-இல் புதிய கட்டடம் எழுந்த பிறகே நிமிர்ந்தது. வெட்டப்பட்டு அறுபது வருடங்களுக்கு மேல் ஆன பிறகு, 1991-இல், ஹைஸ்லா பிரதிநிதிகள் ஸ்டாக்ஹோம் போய் அதன் முன் நின்றார்கள்.

திரும்பக் கேட்டார்கள். சுவீடன் அரசு 1994-இல் சம்மதித்தது. அருங்காட்சியகத்துக்கு ஒரு பிரதி செய்து தர வேண்டும் என்றது ஏற்பாடு. மூலத் தூணைச் செதுக்கியவர்களின் வழிவந்த ஹென்றி ராபர்ட்சன் உறவினர்களோடு சேர்ந்து இரண்டு பிரதிகளைச் செய்தார். 2000-இல் ஒன்று மிஸ்குசாவில் நடப்பட்டது, மற்றொன்று ஸ்டாக்ஹோமுக்குப் போனது. தம் வீட்டிலிருந்து போன பொருளைத் திரும்பப் பெற அதேபோல் இன்னொன்றைச் செய்து கொடுப்பது என்ன நியாயம் என்று எனக்குக் கோபம் வந்தது. ஆனால் ஹைஸ்லா மக்கள் அதை அவமானமாகப் பார்க்கவில்லை. கொடுத்துத்தான் எதையும் நிலைநாட்டுவது என்பது அவர்கள் மரபு. இந்த முறை சபைக்குச் சாட்சிகளாக சுவீடன்காரர்கள் வந்து சேர்ந்தார்கள், அவ்வளவுதான்.

சிக்கல் வேறிடத்தில் இருந்தது. ஈரப்பதமும் வெப்பமும் கட்டுப்படுத்தப்பட்ட கட்டடத்தில்தான் மூலத் தூணை வைக்க வேண்டும் என்று அருங்காட்சியகம் வற்புறுத்தியது. சிறிய சமூகத்துக்கு அது பெரிய செலவு. அந்த இழுபறியிலேயே ஆண்டுகள் போயின. அருங்காட்சியகத் தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை: அவர்கள் எடுத்துப்போகாமல் இருந்திருந்தால், கிட்லோப் மழையில் அந்தத் தூண் இந்நேரம் மண்ணாகியிருக்கும். ஆனால் அதைத்தான் ஹைஸ்லா பெரியவர்கள் சொன்னார்கள்: மண்ணாவதற்காகத்தான் நட்டோம். துக்கத்துக்கு ஒரு கால அளவு உண்டு. தூண் சாய்ந்து மட்கும்போது அதுவும் தன் வேலையை முடித்துக்கொள்கிறது. பிறர் வீட்டு இழவைக் குளிரூட்டிய அறையில் முடிவில்லாமல் நிறுத்திவைப்பதைப் பாதுகாப்பு என்று சொல்லப் பழகியவர்களுக்கு இது புரிவதற்குப் பத்து வருடங்களுக்கு மேல் ஆயிற்று. 2006-இல் தூண் கடல் கடந்து வந்தது. ஐரோப்பிய அருங்காட்சியகம் ஒன்றிலிருந்து கனடாவுக்குத் திரும்பிய முதல் தூண் அது. கொஞ்ச காலம் இங்கே வான்கூவரில், நான் வாய்ச்சிக் கொத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்த அதே அருங்காட்சியகத்தில் தங்கி, பிறகு கிட்டிமாட் நகருக்குப் போய், அங்கே ஒரு வணிக வளாகத்துக்குள் வைக்கப்பட்டது.

அந்த இடைப்பட்ட நூற்றாண்டில், நட முடியாத தூண்கள் வேறு உருவங்களில் உயிரோடிருந்தன என்பதையும் சொல்லியாக வேண்டும். ஹைடா சிற்பிகள் ஆர்கிலைட் என்ற கறுப்பு நிறக் கல்லில் முழங்கை நீளத் தூண்களைச் செதுக்கிக் கப்பல்காரர்களுக்கும் பயணிகளுக்கும் விற்றார்கள். பொம்மை விற்பதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. கல்லறைகளில், பாதிரியார் ஏற்கும் சலவைக்கல்லை நட்டு, அதில் கழுகையும் கொலைகாரத் திமிங்கலத்தையும் பொறிக்கச் சொன்னார்கள். 1951-இல் திருத்திய சட்டத்தில் தடைப்பிரிவு சத்தமில்லாமல் விடுபட்டது. யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. இரண்டு வருடம் கழித்து முங்கோ மார்ட்டின் என்ற முதிய சிற்பி விக்டோரியாவில் தாம் கட்டிய பெருவீட்டில் வெளிப்படையாகப் பொட்லாச் நடத்தினார். 1969-இல் ராபர்ட் டேவிட்சன் என்ற 22 வயது இளைஞர், ஆர்கிலைட் செதுக்கிப் புகழ்பெற்ற சார்ல்ஸ் ஈடன்ஷாவின் கொள்ளுப்பேரன், ஓல்ட் மாசெட் ஊரில் ஒரு தூண் நட்டார். ஏறக்குறைய 90 வருடங்களில் அந்த ஊரில் எழுந்த முதல் தூண். எப்படி நடுவது என்பதை நேரில் செய்து பழகியவர்கள் யாரும் இல்லை. முதியவர்கள் கூடி, ஆளுக்கொரு அடியாக நினைவைத் தோண்டிப் பாட்டுகளைச் சேர்த்தார்கள். அன்று அவர்களிடம் பாடலும் முறையும் மிஞ்சியிருக்காவிட்டால், நட்டது ஒரு செதுக்கிய மரமாக மட்டுமே இருந்திருக்கும். 2013-இல், ஹைடா நிலத்திலுள்ள குவாய் ஹானாஸில் எழுந்த தூணில், 1985-இல் மரம் வெட்டுவதை மறித்துக் கைகோத்து நின்றவர்களையும் செதுக்கியிருக்கிறார்கள், காலில் ரப்பர் பூட்ஸோடு. எனக்கு மிகவும் பிடித்த விவரம் அந்தப் பூட்ஸ்தான்.

திரும்பி வந்த தூண்கள் எல்லாம் மட்க வேண்டும் என்று இவர்களுக்குள் ஒரே விதி இருப்பதாக நினைத்துவிடக் கூடாது. கிட்லோப் தூண் போன அதே 1929-இல், நாஸ் பள்ளத்தாக்கிலிருந்து இன்னொரு நினைவுத்தூணை மானிடவியலாளர் மாரியஸ் பார்போ எடுத்துச் சென்று எடின்பரோ அருங்காட்சியகத்துக்கு விற்றார். கொல்லப்பட்ட ட்ஸாவித் என்ற வீரரின் நினைவாக 1860-களில் நிஸ்கா மக்கள் நட்ட, 11 மீட்டர் உயரமான நீஸ்ஜூல் தூண் அது. 2022-இல் நிஸ்கா குழு ஸ்காட்லாந்து போய்க் கேட்டது. அந்த ஆண்டு முடிவதற்குள் ஒப்புதல் கிடைத்தது. 2023-இல், பயணத்துக்கு முன் சடங்கு செய்து தூணை உறங்கவைத்து, ராணுவ விமானத்தில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அவர்கள் அதைக் காட்டில் விடவில்லை. லக்ஸ்கால்ட்ஸாப்பில் தங்களுடைய சொந்த அருங்காட்சியகத்தில், தங்கள் பிள்ளைகள் தொட்டுப் படிக்கும் தொலைவில் வைத்துக்கொண்டார்கள். ஹைஸ்லா மக்களின் முடிவு ஒன்று, நிஸ்கா மக்களின் முடிவு இன்னொன்று. இரண்டையும் எடுத்தவர்கள் சொந்தக்காரர்கள். 1927-ஆம் ஆண்டுச் சட்டம் பறித்துவைத்திருந்தது இந்த முடிவைத்தான்.

2012-இல் ஹைஸ்லா மக்கள் கிப்ஸ்கோலக்ஸ் தூணைப் படகில் ஏற்றிக் கார்ட்னர் கால்வாய் வழியாக மிஸ்குசாவுக்குக் கொண்டுபோய், தரையில் கிடத்திவிட்டு வந்தார்கள். மேலே கூரை இல்லை, சுற்றிக் கண்ணாடி இல்லை.

இதையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் அம்மாவிடம் சொன்னேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "அவ்வளவு தூரத்துல இருந்து கொண்டு வந்துட்டு வெட்டவெளியில போட்டுட்டாங்களா? மழையில நனையாதா?" என்றார்.

"நனையட்டும்னுதான்மா வச்சிருக்காங்க" என்றேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "ஆமா, அது வீட்டு ஆளுங்கதானே சொல்லணும்" என்று சொல்லிவிட்டு, மதியம் என்ன சமைத்தேன் என்று கேட்டார்.